சகலைக்குச் சான்று தேவை

மாமனார் வீட்டுக் கூடத்தில், கடிகாரத்துக்குக் கீழே, அந்தக் கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்ததும் ஆய்வாளருக்குக் கையிலிருந்த பழப்பை நழுவிவிட்டது. ஆரஞ்சுகள் நாலா பக்கமும் உருண்டன. அவற்றைப் பொறுக்குகிற சாக்கில் தரையில் உட்கார்ந்து இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தார். சந்தேகமே இல்லை. சட்டத்துக்குள் இருந்தது சகலைதான். மைக்குக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். படத்தைச் சுற்றி மூன்று பத்தி. மேலே பெரிய எழுத்தில் சகலையின் பெயர். அதற்கும் மேலே, ஊர் உலகமே எதற்கெடுத்தாலும் தேடிப் பார்க்கிற இணையக் கலைக்களஞ்சியத்தின் சின்னம்.

சகலை என்றால் மனைவியின் அக்காள் கணவர். குரல் கொடுப்பது அவர் தொழில். யாருக்காகக் குரல் கொடுத்தார் என்று கேட்டால், லிப்டுக்காக. "கதவுகள் மூடுகின்றன, விலகி நில்லுங்கள்" என்று எந்த லிப்டில் ஏறினாலும் கேட்கிறதே, அந்தக் குரல் அவருடையது. ரயில் தாமதமானால் வருந்துவதும் அவர்தான். தொலைபேசியில் புகார் சொல்லக் கூப்பிட்டால் வரிசையில் காத்திருக்கச் சொல்வதும் அவர்தான். ஆய்வாளரின் அலுவலகம் நாலாவது மாடியில் இருந்தது. கட்டடத்தில் புது லிப்ட் வைத்த நாளிலிருந்து மூன்று வருஷமாக அவர் படியேறித்தான் போய்வருகிறார். டாக்டர் சொன்னார் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். எந்த டாக்டரும் சொல்லவில்லை.

ஆய்வாளர் எடையளவைத் துறைக்காரர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை போடுவது வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கிராம் குறைந்தாலும் விட்டதில்லை. கடைக்காரர்கள் அவர் பெயரைக் கேட்டாலே எடைக்கல்லைத் துடைத்து வைப்பார்கள். ஆனால் மாமனார் வீட்டில் மட்டும் அவருக்கு எடை இருந்ததில்லை. அங்கே சகலை பெரிய மாப்பிள்ளை. இவர் சின்ன மாப்பிள்ளை. வயதைச் சொல்வதாகத்தான் முதலில் நினைத்திருந்தார்.

அன்றைக்குச் சாப்பாடு முடிகிற வரைக்கும் மாமனார் அந்தக் கட்டுரையை மனப்பாடமாக ஒப்பித்தார். நடுவில் ஒரு தடவை நிறுத்தி, அனுதாபத்தோடு ஆய்வாளரைப் பார்த்து, "மனசைத் தளர விடாதீங்க மாப்பிள்ளை, ஏதாவது செஞ்சா உங்களையும் போடுவாங்களாம்" என்றார். சகலை வெட்கப்பட்டுக்கொண்டு தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார். அந்த வெட்கம்தான் ஆய்வாளருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மனிதன் பெருமையடித்தாலாவது திட்டலாம்.

 பஸ்ஸில் திரும்பி வரும்போது பாதி வழியில், அந்தக் களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாமாமே என்று மனைவியிடம் மெல்லக் கேட்டார்.

மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே, "திருத்தறதும் யார் வேணும்னாலும் செய்யலாமாம்" என்றாள்.

இறங்கவேண்டிய இடம் வருவதற்குள் ஆய்வாளர் முடிவெடுத்துவிட்டார். இந்த நாட்டில் எடை குறைவான எந்தப் பொருளும் விற்பனைக்கு வரக்கூடாது. சகலை உட்பட.

மறுநாள் காலை அலுவலகம் கிளம்புவதற்கு முன்னாலேயே களஞ்சியத்தில் பதிவு செய்துகொண்டார். பயனர் பெயர் 'தராசு'. அதன் விதிகள் நாற்பத்தொரு பக்கம் இருந்தன. அச்செடுத்து, துறைச் சுற்றறிக்கையைப் படிப்பதுபோல அடிக்கோடு போட்டுப் படித்தார். படிக்கப் படிக்க அவருக்கு மனம் குளிர்ந்தது. சொல்கிற ஒவ்வொரு செய்திக்கும் சான்று காட்ட வேண்டுமாம். புகழ்ச்சி கூடாதாம். எந்தக் கட்டுரையையும் தர ஆய்வுக்கு உட்படுத்தலாமாம். ஆய்வில் தேறினால் 'நல்ல கட்டுரை', இன்னும் தேறினால் முதற்பக்கம், தேறாவிட்டால் தரமிறக்கம், ஒன்றுக்குமே ஆகாதென்றால் நீக்கம். இப்படிப்பட்ட ஓர் இடம் உலகத்தில் இருப்பது தெரியாமல் இத்தனை வருஷத்தை வீணாக்கிவிட்டோமே என்று இருந்தது அவருக்கு.

முதல் தாக்குதலில் பதினோரு ஆட்சேபங்கள். பிறந்த தேதி, சான்று தேவை. சிறு வயதில் திக்குவாய், சான்று தேவை. 'நாடெங்கும் ஒலிக்கும் குரல்' என்பது மிகை. நாடெங்கும் போய்க் கேட்டுவந்தவர் யார்? 'மேற்படி நபரின் குரல் எத்தனை லிப்டுகளில் ஒலிக்கிறது என்பதற்கு எண்ணிக்கை ஏதும் தரப்படவில்லை' என்று பதினோராவதை முடித்து, தராசு என்று கையெழுத்திட்டு, விசிலடித்துக்கொண்டே படியேறி அலுவலகம் போனார்.

சாயங்காலம் வந்து திறந்து பார்த்தால் பதில் காத்திருந்தது. எழுதியவர் 'சுண்டெலி' என்ற பயனர். கட்டுரையின் பெரும்பகுதி அவருடைய கைவேலை என்று தெரிந்தது. கூர்மையான ஆய்வுக்கு நன்றி என்று பணிவாகத் தொடங்கியிருந்தார். பத்துக்கும் சான்று கொடுத்திருந்தார். பதினோராவதாக, 'நாடெங்கும் ஒலிக்கும் குரல்' என்ற வரியை எடுத்துவிட்டு, லிப்ட் நிறுவனத்தின் ஆண்டறிக்கையை மேற்கோள் காட்டி 'ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு லிப்டுகளில் ஒலிக்கும் குரல்' என்று போட்டிருந்தார்.

ஆய்வாளர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். 'நாடெங்கும்' என்பதையாவது வெறும் வாய்ப்பேச்சு என்று தள்ளியிருக்கலாம். இது எண். எண்ணோடு அவருக்குச் சண்டை போட்டுப் பழக்கமில்லை.

சான்றால் அடித்தவனைச் சான்றால்தான் அடிக்க வேண்டும் என்று தீர்மானித்தார். அவர் மனைவிக்குப் பொது நூலகத்தில் வேலை. பழைய செய்தித்தாள் பிரிவை அவள்தான் பார்த்துக்கொண்டாள். சகலை பற்றிப் பழைய பேப்பரில் ஏதாவது வந்திருந்தால் எடுத்துக் கொடு, மாமாவுக்குத் தொகுத்துப் பரிசாகக் கொடுக்கலாம் என்று தேன் ஒழுகச் சொன்னார். நல்லதாக மட்டுமே இருந்தால் திகட்டிவிடும், கெட்டதாக இருந்தாலும் பரவாயில்லை என்று சேர்த்துக்கொண்டார். அவள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. மறுநாளே நகல் எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள்.

அதில் ஒரு புதையல் இருந்தது. சகலை வானொலி நிலையத்துக் குரல் தேர்வில் ஐந்து தடவை தோற்றிருக்கிறார். ஐந்தாவது தடவை, 'இந்தக் குரலை வைத்துக்கொண்டு மீன் விற்கக்கூட முடியாது' என்று தேர்வாளர் எழுதியதை ஒரு பத்திரிகை அப்படியே போட்டிருந்தது. ஆய்வாளர் அதை வாய்விட்டு மூன்று முறை படித்தார். பிறகு, முக்கியமான உண்மை ஒன்று மறைக்கப்பட்டுள்ளது, மேற்படி கட்டுரை நடுநிலை தவறிவிட்டது என்று ஆதாரத்தோடு ஆட்சேபம் போட்டார்.

சுண்டெலி மறுக்கவில்லை. அரிய தகவல் என்று நன்றி சொல்லி, 'ஆரம்பத் தோல்விகள்' என்று தனித் தலைப்பே சேர்த்துவிட்டார். திக்குவாய்ப் பையன், ஐந்து தோல்வி, மீன் விற்கக்கூட ஆகாத குரல், ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு லிப்டுகள். வரிசையாகப் படித்தவர்கள் உருகிப்போனார்கள். உரையாடல் பக்கத்தில் யாரோ ஓர் ஆசிரியை, தன் வகுப்பில் இதை வாசித்துக் காட்டியதாக எழுதினார். இரண்டே நாளில் கட்டுரைக்கு 'நல்ல கட்டுரை' முத்திரை விழுந்தது. இருபத்திரண்டு வருஷமாக முத்திரை போட்டவருக்கு, ஒரு முத்திரை இவ்வளவு வலிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மனைவி என்னவென்று விசாரித்தாள். அலுவலகத்தில் சுண்டெலித் தொல்லை என்றார். பொறி வைக்கச் சொல்லலாமே என்றாள். அதற்கு அகப்படுகிற ரகம் இல்லை என்று பெருமூச்சு விட்டார். அவள் பரிதாபமாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த வாரம் அவள் கொண்டுவந்த நகல்களில் ஒரு விபத்துச் செய்தி இருந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய கட்டடத்தில் லிப்ட் நடுவழியில் நின்று, பதினோரு பேர் நாலு மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். அத்தனை நேரமும் சகலையின் குரல் மட்டும் விடாமல் "கதவுகள் திறக்கின்றன, கதவுகள் திறக்கின்றன" என்று சொல்லிக்கொண்டே இருந்ததாம். கதவு திறக்கவே இல்லை. ஆய்வாளருக்குக் கை பரபரத்தது. தராசு பொய் சொன்னால் கடைக்காரனைப் பிடிக்கிறோம். குரல் பொய் சொன்னால் குரல்காரனைப் பிடிக்க வேண்டாமா? கட்டுரையில் 'விமர்சனங்கள்' என்ற பகுதி இல்லாதது பெருங்குறை என்று எழுதி, செய்தியைச் சான்றாகக் கொடுத்தார்.

இந்தத் தடவை சுண்டெலியின் பதில் வர ஒரு நாள் ஆயிற்று. 'விமர்சனங்கள்' பகுதி சேர்க்கப்பட்டிருந்தது. அதன்கீழ் விபத்தும் இருந்தது. விபத்துக்குக் கீழே, அதற்கு மறுநாள் வேறொரு பத்திரிகையில் வந்த செய்தியும் இருந்தது. தன் குரல் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று கேள்விப்பட்ட சகலை அங்கே ஓடியிருக்கிறார். பதிவு செய்த குரலை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். ஒன்பதாவது மாடியில் கதவிடுக்குக்கு முன்னால் தரையில் படுத்து, இரண்டரை மணி நேரம் உள்ளே இருந்தவர்களோடு பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு, வீட்டுக்குத் தகவல் சொல்லி, கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது, ஆனால் திறக்கிறவரைக்கும் நான் போகமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். இதய நோயாளி ஒருவர், அந்தக் குரல் இல்லாவிட்டால் நான் அன்றைக்கே போயிருப்பேன் என்று பேட்டி கொடுத்திருந்தார்.

ஆய்வாளர் அதைப் படித்துவிட்டுக் கணினியை மூடினார். பதினாலு வருஷமாக அந்த ஆளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். ஒரு நாளும் இதை அந்த ஆள் சொன்னதில்லை. தானும் எதையும் கேட்டதில்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அன்று முழுக்க மனம் ஒரு மாதிரியாக இருந்தது. விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தார். மாமனார் மட்டும் அன்று சாயங்காலம் தொலைபேசியில் கூப்பிட்டு, கட்டுரை நீண்டுகொண்டே போகிறது, சட்டம் போதவில்லை, பெரிதாக ஒன்று செய்யக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லாதிருந்தால் விட்டே இருப்பார்.

கடைசி ஆயுதத்தை எடுத்தார். ஒரு கட்டுரையைத் தாக்கினால்தானே சுண்டெலி வருகிறது, விதியையே மாற்றிவிட்டால்? ஒருவர் களஞ்சியத்தில் இடம்பெற எவ்வளவு புகழ் வேண்டும் என்பது விதிப்புத்தகத்தில் வழவழவென்று இருந்தது. அதை எடைக்கல்போல இறுக்கமாக்கித் தராசு ஒரு முன்மொழிவு வைத்தார். வாழும் மனிதர் எவரைப் பற்றியும் கட்டுரை எழுத, வெவ்வேறு ஆண்டுகளில் வந்த மூன்று பத்திரிகைச் செய்திகளாவது இருக்க வேண்டும். மூன்றும் அவரைப் பற்றியதாகவே இருக்க வேண்டும். அவரே எழுதியதோ உறவினர் எழுதியதோ செல்லாது. செல்லாது என்பதற்குக் கீழே கோடும் போட்டார். மீன் செய்தி ஓர் ஆண்டு, லிப்ட் செய்தி ஓர் ஆண்டு, மூன்றாவது ஆண்டுக்குச் சகலையைப் பற்றிச் செய்தியே இருக்காது என்று அவருக்கு ஒரு நினைப்பு.

முன்மொழிவுக்கு ஏகப்பட்ட வரவேற்பு. தெளிவு, துல்லியம், நேர்மை என்றெல்லாம் பாராட்டி வாக்குகள் குவிந்தன. முதல் வாக்கு சுண்டெலியுடையது. வியாழக்கிழமை அது விதியாயிற்று. 'தராசு விதி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஆய்வாளர் அன்றைக்கு இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினார்.

சகலையைப் பற்றி வெவ்வேறு ஆண்டுகளில் வந்த செய்திகள் பத்தொன்பது இருந்தன. சுண்டெலி பத்தொன்பதையும் வரிசையாக அடுக்கிவிட்டார். புதிய விதியின்படி அலசி எடுக்கப்பட்டுத் தேறிய முதல் கட்டுரை என்று ஞாயிற்றுக்கிழமை காலை சகலை முதற்பக்கத்துக்கு வந்துவிட்டார். மைக்கும் மூடிய கண்ணுமாக.

ஆய்வாளர் அந்தப் படத்தையே வெறித்துப் பார்த்தார். கட்டுரையின் அடியில், இதை இந்த உயரத்துக்கு ஏற்றிவிட்டவர் என்று பயனர் தராசுக்கு நன்றி தெரிவிக்கப்பட்டிருந்தது. சகலைக்கு லிப்டாக இருந்தது தான்தான் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. எங்கே தப்புச் செய்தோம் என்று பார்க்க உரையாடல் பக்கத்தை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார். வழக்கமாக அவர் நேரே கீழே போய்த் தன் ஆட்சேபங்களை ரசிப்பதோடு சரி. உச்சியில் ஒரு சின்னக் கட்டத்தை அன்றைக்குத்தான் பார்த்தார்.

'இக்கட்டுரையைத் தொடங்கிய சுண்டெலி, கட்டுரை நாயகரின் மனைவியின் தங்கை. விதிப்படி முதல் நாளே இதை அறிவித்திருக்கிறார்.'

ஆய்வாளர் விரல்விட்டு எண்ணினார். சகலைக்கு மனைவி ஒருத்தி. அவளுக்குத் தங்கை எத்தனை பேர்? மறுபடி எண்ணினார். இரண்டாவது விரலுக்கு வேலையே வரவில்லை.

சமையலறை வாசலுக்கு எப்படிப் போனார் என்று அவருக்கே தெரியாது. மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் குழாயை மூடினாள்.

"சுண்டெலி நீயா?"

"ஆமாம். இன்னைக்குத்தான் மேல படிச்சீங்களா?"

"நான்தான் தராசுன்னு தெரியுமா உனக்கு?"

"மேற்படி, மேற்படின்னு லிப்டைப் பத்தி உலகத்துல வேற யார் எழுதுவாங்க? தவிர, நான் காலையில குடுத்த நகல் சாயங்காலமே ஆட்சேபமா வந்து நிக்குது."

ஆய்வாளர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு நினைவு வந்தவராக, உறவுக்காரன் ஆய்வு செய்தது குற்றமாயிற்றே, நான் அறிவிக்கவில்லையே, முழுதும் செல்லாதே என்று சொல்லிப் பார்த்தார். குரலில் கொஞ்சம் ஆசையும் இருந்தது.

அதையும் முதல் வாரமே நிர்வாகிகளிடம் சொல்லிவிட்டதாக மனைவி சொன்னாள். அவர்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். உறவை அறிவிக்காமல் தூக்கிவிட வருகிறவருக்குத்தான் தடை, கவிழ்க்க வருகிற உறவினருக்கு ஒரு தடையும் கிடையாது என்று தீர்ப்பு வந்திருக்கிறது.

"முதற்பக்கத்துக்குப் போகணும்னா கொஞ்சமும் இரக்கமில்லாத ஒருத்தர் படிச்சுக் குறை சொல்லணுங்க. அப்படி ஆள் கிடைக்காம நிறைய பேர் வருஷக்கணக்குல காத்துக்கிட்டு இருக்காங்க. எனக்கு அலைச்சலே இல்லாமப் போச்சு."

பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்தபடி, திருத்துவதும் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று சொன்னது அப்போது அவருக்குக் காதில் மறுபடி ஒலித்திருக்க வேண்டும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு, யாரிடமும் கேட்காத மாதிரி, அத்தானைப் பற்றி இவ்வளவு எழுதுகிறவளுக்குக் கட்டின புருஷனைப் பற்றி ஒரு வரி எழுதத் தோன்றவில்லையா என்றார்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டாள். தன் மடிக்கணினியைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். வெளியிடப்படாத வரைவு ஒன்று. மேலே அவருடைய பெயர்.

எட்டு வருஷத்துக்கு முந்தைய விவகாரம். நகரத்தின் மிகப் பெரிய அங்காடியில் நாற்பத்திரண்டு தராசுகளும் ஒரே அளவு குறைவாகக் காட்டின. ஆய்வாளர் சாதாரண ஆள்போலப் போய், பத்தொன்பது நாள் பத்தொன்பது வரிசையில் நின்று சர்க்கரை வாங்கி நிறுத்துப் பார்த்தார். மேலிடத்திலிருந்து மிரட்டல் வந்தது. மாற்றல் உத்தரவு இரண்டு தடவை வந்தது. அவர் நாற்பத்திரண்டு தராசுக்கும் சீல் வைத்துவிட்டுத்தான் நகர்ந்தார். எல்லாமே இருந்தது. தேதி, வரிசை எண், அவர் வாங்கிய சர்க்கரையின் எடை உட்பட. ஒரு சொல்கூட மிகை இல்லை. மூன்று வருஷமாகச் சேர்த்துச் சேர்த்து எழுதியிருக்கிறாள்.

ஆய்வாளர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும் படித்தார். இதை ஏன் இன்னும் போடவில்லை என்று கேட்டார்.

"இந்த வாரம் போடறதா இருந்தேன். அதுக்குள்ள வியாழக்கிழமை விதி வந்துடுச்சு. மூணு செய்தி வேணும். உங்களுக்கு ரெண்டுதான் இருக்கு."

"மூணாவதா, ஆசிரியருக்குக் கடிதம்னு பேப்பர்ல வந்துதே."

"அது நீங்களே எழுதினது. செல்லாதுன்னு கீழ கோடு வேற போட்டிருக்கீங்க."

நீதான் அதற்கு முதல் வாக்குப் போட்டாய் என்று அவர் பரிதாபமாகச் சொன்னார். விதி நல்ல விதிதானே, அதற்கென்ன குறை என்றாள் அவள்.

ஆய்வாளர் எழுந்து முன்னறைக்கு ஓடினார். தன் கணினியைத் திறந்து, தராசு விதியைத் திருத்தத் தராசே ஒரு முன்மொழிவு எழுதினார். மூன்று என்பது மிகக் கடுமை, இரண்டே போதும், புகழ் வெளிச்சம் படாமல் மூலையில் உழைக்கும் அரசு ஊழியர்களின் நிலையைக் களஞ்சியம் கருணையோடு பார்க்க வேண்டும் என்று நாலு பத்தி. ஒரு 'மேற்படி'கூட இல்லாமல் நெஞ்சைத் தொட்டு எழுதியிருந்தார். போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

சமையலறையிலிருந்து விசைகள் தட்டுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. நின்றது. அவர் திரையில் முதல் பதில் வந்து விழுந்தது.

'எதிர்க்கிறேன். முன்மொழிந்தவருக்கும், இதனால் பயனடையப்போகிற ஒருவருக்கும் மிக நெருங்கிய உறவு இருப்பதாகத் தெரிகிறது. சான்று: என் வீட்டு முன்னறை. இப்படிக்கு, சுண்டெலி.'